பதினான்கு விநாடி இடையூறு

உலகத்தில் இசையை முறைப்படி கேட்கத் தெரிந்தவர்கள் மொத்தம் பத்தொன்பது பேர். அவர்களில் பதினொரு பேர் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மீதி எட்டுப் பேர் இங்கிலாந்தில் இருக்கலாம் என்று தலைவர் ஸ்ரீனிவாஸ் கருதுகிறார். உறுதியாகச் சொல்ல மறுக்கிறார்.

இந்தப் பதினொரு பேரும் சேர்ந்த அமைப்புக்குப் பெயர் 'கோவை ஐவரி மெரிடியன் ரசனைப் பேரவை'. யாராவது வாய் தவறி 'ரசிகர் மன்றம்' என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். மன்றம் என்றால் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்கள். பேரவை என்றால் கருத்து வேறுபடுகிறவர்கள்.

ஐவரி மெரிடியன் என்பது இங்கிலாந்தில் ஐந்து பேர் நடத்திய ராக் இசைக் குழு. 1969-இல் தொடங்கி 1978-இல் கலைந்தது. எந்தப் பாட்டும் இருபது நிமிடத்துக்குக் குறையாது. அவர்களுடைய ஆகச் சிறந்த பாட்டில் முதல் ஏழு நிமிடம் காற்று மட்டும் வீசும். எட்டாவது நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும். அந்த ஒரு மணிக்காக மலுமிச்சம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற உறுப்பினர் உண்டு. குழு இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்தியா என்று ஒரு நாடு இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு ஒரே ஆதாரம், மூன்றாவது ஆல்பத்தில் இருபது விநாடி ஒலிக்கும் சிதார். அதை வாசித்தவரும் பெல்ஜியத்துக்காரர்.

இந்த மகத்தான பேரவையின் நடவடிக்கைக் குறிப்பேட்டை இருபத்திரண்டு வருடம் எழுதியவள் நான். உறுப்பினர் அல்ல. பெண்களைச் சேர்ப்பது குறித்து ஆராய 2006-இல் அமைக்கப்பட்ட துணைக்குழு இன்னும் அறிக்கை தரவில்லை. என் கணவர் நரசிம்மலு உறுப்பினர். கூட்டம் எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டு மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. நான் ஒரு மில் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். காப்பியும் நன்றாகப் போடுவேன். இந்த இரு தகுதிகளின் அடிப்படையில் ராமாமணி ஆகிய நான் ஏகமனதாக நியமிக்கப்பட்டேன்.

கூட்டத்தின் முதல் நிகழ்ச்சி எப்போதும் 'நினைவுப் பகிர்வு'. தலைவர் ஸ்ரீனிவாஸ் ஒரு மில் முதலாளி. 1976-இல் மெஷின் வாங்க லண்டன் போனவர். குறிப்பேட்டின்படி, 2003-இல் அவர் பகிர்ந்த நினைவு: ஐவரி மெரிடியன் வாசித்துக்கொண்டிருந்த அரங்கத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கினார், சுவர் வழியாக டிரம்ஸ் கேட்டது. 2009-இல் பகிர்ந்த நினைவு: கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். 2015-இல் மூன்றாவது வரிசை. 2022-இல் பாடகர் மேடையிலிருந்து குனிந்து இவருடைய கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான்கையும் ஓர் எழுத்து மாற்றாமல் பதிவு செய்திருக்கிறேன். வரலாறு வளர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

செயலாளர் அமீர் ஹம்சா கோட்டைமேட்டுக்காரர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு முதல் இசைத்தட்டு கிடைத்தது மேட்டுப்பாளையத்தில், ஒரு பங்களா காலி செய்து விற்றபோது. அவருடைய ரெக்கார்ட் பிளேயர் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்திலேயே சிக்கிக்கொண்டது. முப்பத்துமூன்றில் ஓட வேண்டிய இசைத்தட்டைப் பதினொரு வருடம் நாற்பத்தைந்தில் கேட்டார். பிறகு ஒரு நாள் சரியான வேகத்தில் கேட்டபோது, குழு சோம்பேறித்தனமாக வாசிப்பதாக அவருக்குத் தோன்றியது. பேரவை அன்றிலிருந்து இரண்டு அணி.

"பாய், முப்பத்திமூணுல கேக்க வேண்டியத நாப்பத்தஞ்சுல கேட்டுப்போட்டு, பாட்டு பிரமாதம்னா என்னங்க அர்த்தம்?" என்பார் தலைவர்.

"நாப்பத்தஞ்சுலதானுங்க அதுல உசுரு இருக்குது. உங்க வேகத்துல கேட்டா ஊட்டி ரயிலு கல்லாறு தாண்டுற மாதிரி இருக்குதுங்க."

"மெதுவா ஏறுனாத்தானுங்க மலை தெரியும்."

"மலை எங்கீங்க போயிருது. நான் போயிக் கடை தொறக்கோணும்."

இந்த உரையாடல் குறிப்பேட்டில் நூற்றுப்பதினேழு இடங்களில் இருக்கிறது. பிற்பாடு 'வழக்கம்போல்' என்று மட்டும் எழுதிவந்தேன்.

இனி என் கணவர். அவர் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தார். ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, எந்த பேரிங் எப்போது போகும் என்று சொல்லுவார். போகும். பேரவையில் அவருடைய பொறுப்பு டேப் டெக். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பது, பெல்ட் தளர்ந்தால் மாற்றுவது, ஒயர் இழுப்பது. குறிப்பேட்டில் அவரைப் பற்றி இருநூற்றுச் சொச்சம் பதிவுகள் உண்டு. எல்லாம் ஒரே வாக்கியம்: 'திரு. நரசிம்மலு ஒலிபெருக்கியை இணைத்தார்.'

ஒரே ஒரு முறை கருத்துச் சொன்னார். 2008-இல்.

"அந்த எட்டாவது நிமிஷத்து மணி, மணி இல்லீங்க. பைப்பைத் தட்டறாங்க. ஒன்றரை இஞ்சு ஜி.ஐ. பைப்பு."

பேரவை ரொம்ப நேரம் சிரித்தது. மலுமிச்சம்பட்டி உறுப்பினர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வாடிப்போய்விட்டது. 'கருத்து ஏற்கப்படவில்லை' என்று எழுதிக்கொண்டேன். பதினொரு வருடம் கழித்து, குழுவின் பழைய டிரம்மர் ஏதோ ஒரு பத்திரிகைப் பேட்டியில், அது மணியல்ல, குழாய்தான் என்று சொன்னார். 'தலைவர் நெடுநாளாகக் கொண்டிருந்த ஐயம் உறுதியானது' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். என் கணவர் டெக்கின் பின்னாலிருந்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்போது அவரால் அவ்வளவுதான் முடியும்.

ஏனென்றால் 2014-இல் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு. பேச்சு கிடையாது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்திருப்பார்.

பேரவை அவரைக் கைவிடவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்ய விரும்புகிறேன். கழுத்துத் துளையில் மூச்சு வரும்போது லேசாக ஒரு சத்தம் கேட்கும். மெல்லிய பகுதிகளில் அது இசையோடு கலக்கிறது என்று ஓர் உறுப்பினர் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது.

"ஏனுங்க நரசிம்மலு, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சிரமப்படக் கூடாதுன்னுதானுங்க சொல்றோம். மெதுவா வர்ற எடத்துல மட்டும் பக்கத்து ரூம்ல கட்டில்ல சாஞ்சுட்டுக் கேளுங்க. காத்தாடவும் இருக்குமுங்க."

இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதரை அவருடைய சொந்த வீட்டு ஹாலிலிருந்து யாரும் வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். நான்கு வாக்கியத்தில் ஆறு 'ங்க'. அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் பக்கத்து அறைக்குத் தானே ஒயர் இழுத்து ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துக்கொண்டார். 'திரு. நரசிம்மலு ஒலிபெருக்கியை இணைத்தார்.'

அவர் குரல் எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது ஓர் இடத்தில்தான். செல்போனில் வீடியோ எடுக்கும் பழக்கம் எங்களுக்கு வருவதற்கு முன்பே அவர் குரல் போய்விட்டது. எங்கள் மகள் ஹாரிகாவின் கல்யாண வீடியோவில் அவர் எல்லோரிடமும் பேசிக்கொண்டு நிற்கிறார். அதன் மேல் வீடியோக்காரர் மூன்று மணி நேரத்துக்கும் சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டார். வாய் மட்டும் அசைகிறது.

மிச்சம் இருந்தது ஒரு கேசட். 1984 மே மாதம், ஒரு வெளிநாட்டு ரேடியோ ஐவரி மெரிடியனின் கடைசிக் கச்சேரியை ஒலிபரப்பியது. இவர் வால்வு ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தார். அதனால் அறையில் கேட்ட எல்லாம் அதில் ஏறிவிட்டது. குக்கர் விசில், தெருவில் போகிற ஸ்கூட்டர், தலைக்கு மேல் ஃபேன். எனக்கு அப்போது ஏழாம் மாதம். பதினோராவது நிமிடத்தில் அவர் மெதுவாகச் சொல்லுவார்:

"அம்மணி, அந்த ஃபேன நிறுத்தேன், சத்தம் விழுகுது." நான் எழுந்திருக்கும் சத்தம். நாற்காலி நகரும். "வேண்டாம் வேண்டாம். உக்காரு. ஓடட்டும். ரெண்டு பேருக்கும் வேர்க்கும்."

மொத்தம் பதினான்கு விநாடி. குரல் போன பிறகு ஒவ்வொரு வருடமும் எங்கள் கல்யாண நாளன்று அந்த இடத்தைத் தேடிப் போட்டுவிட்டுக் காப்பி குடிப்பார். நோட்டில் எதுவும் எழுத மாட்டார்.

போன ஆடியில் அவர் போனார். டெக்கின் பெல்ட் ஒரு மாதத்தில் பிசுபிசுத்து அறுந்தது. மாற்றத் தெரிந்தவர் அவர்தான். கேசட்டை முன்பே ஏன் செல்போனில் ஏற்றவில்லை என்று ஹாரிகா கேட்டாள். போட்டுக் காட்ட ஆள் இருந்த வீட்டில் யார் நகல் எடுப்பார்கள்?

பேரவை இரங்கல் கூட்டம் அறிவித்தது. தலைவர் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, நரசிம்மலுவுக்கு நல்லபடியா ஒரு கூட்டம் நடத்தோணும். உங்களுக்கு எதாச்சும் ஆசை இருந்தா சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. அவரு எம்பத்துநாலுல ரேடியோவுல இருந்து எடுத்த கேசட்டு ஒண்ணு இருக்குதுங்க. அதுல அவரு..."

"ரேடியோவா? கடைசிக் கச்சேரிங்களா?"

"ஆமாங்க. அதுல பதினோராவது நிமிஷத்துல..."

"இருங்க இருங்க. பதினோராவது நிமிஷமும் இருக்குதுங்களா? எங்ககிட்ட இருக்கறது ஒம்போதுலயே நின்னுபோவுதுங்க."

அவர் குரல் நடுங்கியது. துக்கத்தில் இவ்வளவு நடுங்குகிறவரைக் குறுக்கிட்டுப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நான் காத்திருந்தேன். அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.

கேசட்டை வாங்கிப் போக இளைஞர் அணிச் செயலாளர் வம்சி அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வயது நாற்பத்தெட்டு. சாய்பாபா காலனியில் கம்ப்யூட்டர் வைத்து ஒலிப்பதிவு வேலை செய்கிறார்.

"வம்சி, அதுல நடுவுல பேச்சு ஒண்ணு வருமுங்க" என்றேன்.

"தெரியுமுங்க அக்கா. அந்தக் காலத்து ரெக்கார்டிங்னா பேச்சு, குக்கரு, எல்லாம் இருக்கும். நாங்க பாத்துக்கறோம். நீங்க கவலையே படாதீங்க."

நான் கவலைப்படவில்லை.

அதன் பிறகு இரங்கல் கூட்டம் மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டது. காரணம் அலட்சியம் அல்ல, ஆய்வு. அந்தக் கச்சேரியில் டிரம்ஸ் வாசித்தது பழைய டிரம்மர் ஹாலோவேயா, கடைசி மாதம் சேர்ந்த பிரிஸ் என்பவரா என்ற கேள்வி எழுந்துவிட்டது. வாட்ஸாப் குழுவில் என் கணவர் படத்தின் கீழ் 'ஆழ்ந்த இரங்கல்' என்று பத்து, அதன் கீழ் டிரம்மர் பற்றி ஆயிரத்து நானூறு. இரண்டு உறுப்பினர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரின் பேரன் காதுகுத்துக்குப் போகவில்லை. முடிவாக, ஒலியைச் சுத்தம் செய்தால்தான் உண்மை தெரியும் என்று தீர்மானம் ஆனது. ஆறு வாரம் வம்சி இரவு பகல் பாராமல் உழைத்தார். செயற்கை அறிவு வைத்து ஒவ்வொரு சத்தமாகப் பிரித்தார் என்று சொன்னார்கள். அறிவு எதுவாக இருந்தாலும் உழைப்பு இயற்கையானது.

கார்த்திகையில் கூட்டம் நடந்தது. எங்கள் மாடி போதாது என்று ஒரு ஹோட்டலின் சின்ன ஹாலை எடுத்திருந்தார்கள். பேனரில் ஐவரி மெரிடியனின் ஐந்து பேரும் ஆளுயரத்துக்கு நின்றார்கள். கீழே வலது மூலையில், அச்சகத்தின் செல் நம்பருக்கு மேலே, என் கணவர். ஈரோட்டிலிருந்து ஹாரிகாவும் பேத்தி சாய்ப்ரியாவும் வந்திருந்தார்கள். சாய்ப்ரியாவுக்குப் பதினொரு வயது. தாத்தாவின் குரலைக் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்குக் கேட்கலாம் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தோம். முதல் வரிசையில் உட்கார்ந்தோம்.

தலைவர் பேசினார். "நரசிம்மலு போனது பெரிய இழப்புங்க. எழுபத்தேழுல பாடகர் குழுவ விட்டுப் போனாரு பாருங்க, அதுக்கப்புறம் இவ்வளவு வேதனை எனக்கு வந்ததில்லீங்க. அந்தப் பாடகர் இருக்கறாரே, ஒரு தடவ லண்டன்ல எங்கூட்டு ஆளு மாதிரி எந்தோள்ல கையப் போட்டு..."

தோள் புதிது. பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். காற்று வீசியது. நாற்பது வருடம் முந்தைய ரேடியோ என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு கரகரப்பு இல்லை. எட்டாவது நிமிடத்தில் பைப்பைத் தட்டினார்கள். மலுமிச்சம்பட்டி உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது. பத்து. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மம்மா, இப்பத்தானா?" என்றாள் சாய்ப்ரியா.

"இப்பத்தான்."

பாட்டு மெலிந்து, ஒரே ஒரு ஆர்கன் மட்டும் நின்றது. அதைச் சுற்றி ஒன்றுமில்லை. ஃபேன் இல்லை. நாற்காலி இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதியை நான் அவர் போன மறுநாள் காலையில்தான் கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணும் கேக்கலியே" என்றாள் சாய்ப்ரியா.

பின் வரிசையிலிருந்து "உஷ்" என்றார்கள்.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வாசித்தது ஹாலோவேதான் என்று ஐயமறத் தெளிவாகிவிட்டதாம். பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் வம்சியிடம் போனேன்.

"வம்சி, நடுவுல ஒரு பேச்சு வருமுன்னு சொன்னேனே."

"சுத்தமா எடுத்துட்டேனுங்க அக்கா. தடமே தெரியாது. அந்தப் பதினாலு செகண்டுக்கு மட்டும் ஒம்போது நாளு ஆச்சு. ஆர்கனுக்கு மேலயே உக்காந்திருந்துச்சுங்க."

"எடுக்கறதுக்கு முந்தி இருந்தது கம்ப்யூட்டர்ல இருக்குமில்லீங்க?"

"அழிச்சாச்சுங்க. ரெண்டு வெர்ஷன் இருந்தா நாளைக்கு வரலாறே கொழம்பிப்போயிருமுங்க. தீர்மானம் போட்டுத்தான் அழிச்சோம்."

"கேசட்டு?"

அதற்காகத்தான் காத்திருந்தது போல அமீர் ஹம்சா மேடைக்கு அழைத்தார். சால்வை போர்த்தினார்கள். பிறகு வெல்வெட் துணியை விலக்கி நினைவுப் பரிசைக் கொடுத்தார்கள். ஒரு கண்ணாடிக் கட்டி. செங்கல் அளவு, செங்கல் கனம். அதன் நடுவே, பூச்சி மாட்டிய பிசின் போல, என் கணவர் கையெழுத்தோடு அந்தக் கேசட்.

"எபாக்ஸிப் பிசினுங்க தங்கச்சி. நம்ம கடைச் சரக்குதான். நாலு கோட்டு ஊத்தியிருக்கறோம்" என்றார் ஹம்சா. "தூசி போகாது, தண்ணி போகாது, பூஞ்சை புடிக்காது. இனி ஆயிரம் வருஷத்துக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

உண்மை. ஹாரிகா அன்று மாலையே ஒரு லேத் பட்டறையில் காட்டினாள். கட்டியை அறுத்தால் டேப்பும் சேர்ந்து அறுபடும் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு ஹம்சா வீட்டுக்கு வந்தார். 'ஒலி மீட்புப் பணி: இறுதி அறிக்கை' என்று நாற்பத்திரண்டு பக்கம். குறிப்பேட்டோடு இணைக்க வேண்டும், பதிவாளர் என்ற முறையில் நான் படித்துப் பார்த்து, பிழை இல்லை என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "ஹம்சா பாய், அந்தப் பேச்சு யாருதுன்னு ஒருத்தரும் கேக்கலீங்களா?"

"அதெப்படிங்க கேக்காம? ரெண்டு கூட்டம் போட்டு விவாதிச்சோமுங்க. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். குழுவுல அஞ்சு பேரு, டூர் மேனேஜரு, ரேடியோ அறிவிப்பாளரு, யாரு கொரலோடயும் ஒத்துப்போவலீங்க. அது தமிழ்ல வேற பேசுது. அதனால சம்பந்தமில்லாத ஆளுன்னு ஏகமனதா முடிவாச்சுங்க."

"பதினொரு பேரும் கேட்டீங்களா?"

"பத்துங்க. நரசிம்மலு இடம் காலியாத்தானே இருக்குது. ஆமா தங்கச்சி, பெல்ட்டு மாத்தத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க."

அவர் காப்பி ஆற்றுகிற நேரத்தில் அறிக்கையைப் படித்தேன். முப்பத்தொன்பதாம் பக்கத்தில் 'நீக்கப்பட்ட இடையூறுகள்' என்று ஒரு பட்டியல். நேரம், விநாடி, சத்தத்தின் வகை. 3:12, ஸ்கூட்டர். 7:40, பிரஷர் குக்கர். முழுவதும், மின்விசிறி. அதற்கு அடுத்த வரி: '11:05 முதல் 11:19 வரை. ஆண் குரல். அடையாளம் தெரியவில்லை.'

அவர்கள் அவரோடு இருபத்திரண்டு வருடம் ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள். உலகத்திலேயே முறைப்படி கேட்கத் தெரிந்தவர்கள். அந்த வரியை மூன்று முறை படித்தேன். நேரம் சரி. விநாடி சரி. மற்றதும் சரி.

பேனாவை எடுத்து, அறிக்கையில் பிழை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.